பாட்டிலில் போட்ட கோடு

ஏழு வருடத்துக்கு முன்னால், திருப்பூர் நெருப்பெரிச்சல் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் நடந்தது இது. நல்ல சித்திரை வெயில். நான் சிறுநீரக டாக்டர். சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லாத தொழிலாளர்களுக்குக்கூட கிட்னி ஏன் கெட்டுப்போகிறது என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். விடை எனக்கு முன்பே தெரியும் என்கிற நினைப்பு வேறு. வெக்கைதான் காரணம், அதை நிரூபித்தால் போதும் என்று செக்ஷனுக்கு ஒரு தெர்மாமீட்டர் மாட்டிவைத்திருந்தேன்.

அயர்னிங் செக்ஷனில்தான் அவரைச் சந்தித்தேன். நாற்பது வயதிருக்கும். ஷிப்மென்ட் நெருக்கடியில் தினமும் ஒன்றரை ஷிப்ட் நின்றபடியே டீ-ஷர்ட் தேய்ப்பவர். ரத்தப் பரிசோதனையில் அவருக்குக் கிரியாட்டினின் லேசாக ஏறியிருந்தது. கிட்னி திணற ஆரம்பித்திருக்கிறது என்று அர்த்தம். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அந்த ரிப்போர்ட்டைப் பார்த்ததும் எனக்கு வந்தது கவலை இல்லை, சந்தோஷம். தேடிக்கொண்டிருந்த ஆள் கிடைத்துவிட்டார்!

கேள்வித்தாளை நானே வாசித்தேன். தொடர்ந்து ஏதாவது மருந்து சாப்பிடுகிறாரா என்று கேட்டேன்.

"அதெல்லாம் இல்லீங்க சார். ஆஸ்பத்திரிப் பக்கமே போனதில்லீங்க."

'இல்லை' என்று டிக் அடித்தேன். தண்ணீர் போதவில்லை என்று சொல்லி, அவருடைய பாட்டிலை வாங்கி மார்க்கர் பேனாவால் கோடு போட்டுக் கொடுத்தேன். பதினொரு மணிக்குள் இந்தக் கோடு வரை, ஒரு மணிக்குள் அடுத்த கோடு வரை. சின்னப் பிள்ளை மாதிரித் தலையாட்டி வாங்கிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் டீ வந்தது. டீயோடு பன், பன்னோடு ஒரு பிஸ்கட் டப்பாவும் மேசை மேசையாகப் போனது. ஆளாளுக்குக் கைவிட்டு எதையோ எடுத்துக்கொண்டார்கள். எனக்கோ வெக்கையில் தலை விண்விண்ணென்று தெறித்தது. நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து அவர்தான் டப்பாவை நீட்டினார்.

"தலைவலிங்களா சார்? இதுல ஒண்ணு போட்டு டீயக் குடிங்க, நின்னுரும்."

வலி மாத்திரை. போட்டேன். நின்றுவிட்டது. நன்றி சொல்லிவிட்டு தெர்மாமீட்டரைப் பார்க்கப் போய்விட்டேன்.

மூன்று மாதத்தில் அவருக்கு மறுபடி ரத்தம் எடுத்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். "ஷிப்மென்ட் முடியட்டுங்க சார்" என்றார். கட்டுரை எழுதும் மும்முரத்தில் நானும் விட்டுவிட்டேன். டாக்டர்கள் மாநாட்டில், வெக்கைக்குச் சாட்சியாக அவருடைய ரிப்போர்ட்டைத் திரையில் காட்டிப் பேசினேன். பலமாகக் கைதட்டினார்கள்.

இரண்டு வருடம் கழித்து, மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு அவரே என் ஆஸ்பத்திரிக்கு வந்தார். முகமெல்லாம் வீக்கம். செருப்புக்குள் கால் நுழையவில்லை. இனி டயாலிசிஸ்தான் என்று ரிப்போர்ட் சொன்னது. பழைய சீட்டு இருக்கிறதா என்று கேட்டதற்கு அந்த அம்மா பையைக் கவிழ்த்தார். டிபன் பாக்ஸ், நான் கோடு போட்ட அதே பாட்டில், கூடவே நாலு அட்டை வலி மாத்திரை.

"மருந்தே சாப்பிடறதில்லைன்னு சொன்னீங்களேண்ணா?" கொஞ்சம் கோபமாகவே கேட்டுவிட்டேன்.

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "இது டீயோட போடறதுதானுங்களே சார். காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. இது இல்லாம அத்தன நேரம் எப்படிங்க நிக்கறது? இவ வேண்டாம்னு சத்தம் போடுவா. டாக்டரே நம்ம டப்பாவுல எடுத்துப் போட்டாரு, ஒண்ணும் ஆகாதுன்னு நான்தானுங்க இவ வாய அடச்சேன்."

குத்திக்காட்டவில்லை அவர். உள்ளதைத்தான் சொன்னார். எனக்குத்தான் உட்கார முடியவில்லை. வெக்கையில் வறண்டுபோன உடம்பில் தினமும் அந்த மாத்திரை விழுந்தால் கிட்னி என்ன பாடுபடும் என்பது நான் மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிற விஷயம். அது டப்பாவில் என் கண் முன்னால் வந்தது. நானே எடுத்து முழுங்கினேன். முழுங்கிவிட்டு, காரணத்தைத் தெர்மாமீட்டரில் தேடப் போனேன். இதை அவரிடமே சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "அட, நீங்க என்னங்க சார் பண்ணுவீங்க" என்று அவர் எனக்கு ஆறுதல் சொன்னது இன்னும் சங்கடமாகப் போயிற்று.

அன்று கிளம்பும்போது அந்தப் பாட்டிலை மறுபடி என்னிடம் நீட்டினார். "நீங்க சொன்னாப்புல ஒரு நாள் விடாம தண்ணி குடிச்சேனுங்க. இனி எந்தக் கோடு வரைக்குங்க சார்?"

குடிக்கிற தண்ணீரைக் கிட்னி வெளியேற்றாது என்பதால் டயாலிசிஸ்காரர்களுக்குத் தண்ணீர் அளந்துதான். பேனாவை எடுத்து, பழைய கோடுகளுக்கெல்லாம் கீழே, பாட்டிலின் அடிப்பக்கமாக ஒரு கோடு போட்டேன். நாள் முழுவதுக்கும் அவ்வளவுதான்.

இப்போது எந்தக் கம்பெனிக்குப் போனாலும் முதலில் டீ வரும்வரை காத்திருந்து, கூடவே என்ன வருகிறது என்று பார்க்கிறேன். அவர் வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு வருகிறார், அந்தப் பாட்டிலோடுதான் வருகிறார். அந்த அடிக்கோட்டைப் பார்க்கும்போதெல்லாம், அன்று மாத்திரையை வாயில் போடுவதற்கு முன் 'இதை நீங்கள் தினமும் போடுவீர்களா அண்ணா?' என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொள்கிறது.