கொய்யா மரத்து ஹெல்மெட்டும் யாழினியின் கொசுக்கடியும்

நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்று தெரியும். அப்பா ரிட்டயர் ஆனால் வீடு நம்முடையது இல்லை. தெரிந்தே வளர்ந்தாலும், என் அப்பா போன நவம்பரில் ரிட்டயர் ஆகி, பிப்ரவரிக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டும் என்று போனில் சொன்னபோது இன்னொருமுறை சொல்லச் சொன்னேன். அந்த வீட்டில் அம்மா இருபத்தெட்டு வருஷம் சமைத்தாள். அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. என் மகள் யாழினி அம்மா போன பிறகு பிறந்தவள், அந்த வீட்டை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. நான்கு நாளாவது அந்த வாசலில் அவள் ஓடி ஆடட்டும் என்று முடிவு செய்தேன். பொங்கல் கூட்டம் ஓய்ந்ததும், தைப்பூசம் வருவதற்கு முன்பே கிளம்பினோம். தைப்பூசத்தை ஒட்டிப் போனால் வடலூருக்கு ஜோதி பார்க்கப் போகும் கூட்டத்தில் பஸ்ஸில் இடம் பிடிப்பதற்குள் பொழுது போய்விடும்.

இதில் என்ன பெரிய பயணம், சென்னையிலிருந்து நெய்வேலிதானே என்று நினைப்பீர்கள். யாழினியின் தோலைப் பார்த்திருந்தால் அப்படி நினைக்கமாட்டீர்கள். ஒன்றே முக்கால் வயது. மற்ற குழந்தைகளுக்குக் கொசு கடித்தால் ஒரு சின்னத் தடிப்பு வரும், மறையும். இவளுக்கு எலுமிச்சம்பழ அளவுக்கு வீங்கி, நடுவில் நீர் கோத்துக்கொள்ளும். போன ஆவணியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கணுக்காலில் மூன்று கடி. கொலுசைக் கழற்ற முடியாமல் சோப்பு போட்டு உருவினோம். சொறிந்து சொறிந்து சீழ் வைத்து, காய்ச்சலும் வந்து, ஒரு வாரம் மருந்து கொடுத்தோம். அதனால் என் கணவருக்கு இந்தப் பயணத்தில் துளியும் இஷ்டமில்லை. மாமாவை இங்கே வரச்சொல் என்றார். வீட்டை எப்படி இங்கே வரச்சொல்வது என்று கேட்டேன். கடைசியில் ஒரு ஒப்பந்தம் ஆயிற்று: மறுபடி அந்த மாதிரி வீங்கினால் அன்றைக்கே அவளைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட வேண்டும். அவருக்கு லீவு இல்லை. நானும் குழந்தையும் மட்டும் கிளம்பினோம்.

பஸ்ஸில் குழந்தையோடு போகிறவர்களுக்கு ஒரு யோசனை. விடிந்தபின் ஏறி, வெயில் சாய்வதற்குள் போய்ச் சேருங்கள். அந்தி நேரத்தில் பஸ் ஸ்டாண்டில் நிற்கும் வண்டியைப்போல் கொசுவுக்கு வசதியான இடம் வேறு கிடையாது. நாங்கள் கிளாம்பாக்கத்தில் காலை ஏழு மணிக்கு ஏறினோம். ஏறக்குறைய நூற்று எழுபது கிலோமீட்டர், டிக்கெட் இருநூறு ரூபாய்க்குள். யாழினிக்கு வெளிர் நிறத்தில் முழுக்கைச் சட்டை, கால்வரை பேண்ட், சாக்ஸ். அடர்ந்த நிறங்களைத் தேடிக் கொசு வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பண்ருட்டியில் வண்டி நின்றபோது பலாப்பழ வாசனை வருமென்று மூக்கை நீட்டினேன். தை மாதத்தில் ஏது பலா? முந்திரிப் பாக்கெட்காரர்தான் ஜன்னலில் தட்டினார்.

பதினொன்றரைக்கு ஆர்ச் கேட்டில் இறங்கினோம். ஆட்டோக்காரர் இருநூறு கேட்டு நூற்றைம்பதுக்கு வந்தார். வடலூர்ப் பக்கத்துக்காரர். குழந்தையைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தவருக்குப் பொறுக்கவில்லை.

“இன்னாங்க, கொழந்தைய இப்படி சுத்திக்கினு வர்றீங்க? ஒடம்பு முடியலீங்களா?”

கொசுக்கடி ஒத்துக்கொள்ளாது என்றேன். தன் வீட்டில் மூன்று பிள்ளைகளும் கொசுவோடுதான் படுத்து எழுகின்றன என்று சொல்லிச் சிரித்தவர், கல்யாண மண்டபக் கதையைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். அதற்குப் பிறகு நிழலாக இருந்த ஓரங்களில் வண்டியை நிறுத்தவே இல்லை, நேராக விட்டார்.

எனக்கோ நிறுத்தி நிறுத்திப் பார்க்கவேண்டும்போல இருந்தது. இரண்டு பக்கமும் மரங்கள் கைகோத்துக்கொள்ளும் அந்தச் சாலைகளில் ஒரு காலத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு பிளாக் பிளாக்காகச் சுற்றியிருக்கிறேன். எல்லா வீடும் ஒரே அச்சு. வாசலில் இருக்கும் செடியை வைத்துத்தான் யார் வீடு என்று கண்டுபிடிப்போம். செம்பருத்தி என்றால் சேலத்துக்காரர்கள் வீடு, கனகாம்பரம் என்றால் மதுரைக்கார டீச்சர் வீடு. எங்கள் வீட்டுக்கு வேலியெல்லாம் டிசம்பர் பூ. அம்மா விருதுநகர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த வருஷம் குச்சி குச்சியாக நட்டது. ஜனவரியில் ஊதாவாகப் பூத்துக் கிடக்கும். யாழினிக்குக் காட்டவேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டு வந்ததில் முதலாவது அந்த வேலிதான்.

ஆட்டோ நின்றது. வேலி இல்லை. தரையோடு தரையாக வெட்டி, குச்சிகளின் அடிக்கட்டை மட்டும் நின்றது.

“கொசு அண்டும்ல. பாப்பா வருதுன்னு போன வாரமே வெட்டிப் போட்டேன்” என்றார் அப்பா. பாராட்டை எதிர்பார்த்து நின்றார். குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்த் தண்ணீர் குடித்தேன். அழுகை வந்தது, அவர் பார்க்காமல் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

அப்பா மைன்ஸில் ஷிப்ட் பார்த்தவர். அவருக்கு உலகமே ஷிப்ட்தான். ஜன்னல்களுக்கெல்லாம் வலை ஒட்டி வைத்திருந்தார். கட்டிலுக்குப் புதுக் கொசுவலை. வேப்பிலைப் புகை போடக் கரி எல்லாம் தயாராக இருந்தது, புகையும் இவளுக்கு ஆகாது என்று சொல்லி நான்தான் தடுத்தேன். சாயங்காலம் ஐந்தரைக்குக் கதவு, ஜன்னல் எல்லாம் மூடியாகவேண்டும். அதன்பின் பத்து மணிவரை செகண்ட் ஷிப்ட் எனக்கு, அதற்குமேல் நைட் ஷிப்ட் அவருக்கு. கையில் கொசு பேட்டோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பகலைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. கொசு இருட்டினால்தானே வரும்?

விடிந்ததும் குழந்தையை உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை பார்த்தோம். ஒரு கடி இல்லை. அப்பா காபியை ரசித்துக் குடித்தார். நான் உடனே கணவருக்குப் போன் செய்து பெருமையடித்தேன். அந்தச் சந்தோஷத்தில் யாழினிக்கு அரை டிராயரை மாட்டிக் கொல்லைப்பக்கம் விட்டோம்.

கொல்லையில் கொய்யா மரம். அதில் இரண்டு ஹெல்மெட் மல்லாந்த வாக்கில், கிண்ணம்போலக் கம்பியில் தொங்கும். இது வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. கம்பெனியில் புது ஹெல்மெட் கொடுத்தால் பழையதை இங்கே யாரும் தூக்கிப்போடமாட்டார்கள். ஒரு வீட்டில் அதில் மணி பிளான்ட் இருக்கும், இன்னொரு வீட்டில் கோலமாவு இருக்கும். எங்கள் வீட்டில் குருவிக்குத் தண்ணீர். அம்மா தொங்கவிட்டது. பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னும்போது மைனாக்கள் அதன் விளிம்பில் உட்கார்ந்து தலையை முக்கி முக்கிக் குளிக்கும், நான் கழுத்தைத் திருப்புவேன், அம்மா பின்னலைப் பிடித்து இழுப்பாள். அப்பா இன்னமும் தினம் காலையில் ஒரு செம்பு தண்ணீர் அதில் ஊற்றுகிறார். யாழினி அன்று காலை முழுக்க அந்த மரத்தடியை விட்டு நகரவில்லை. மைனா வந்தபோதெல்லாம் கை தட்டினாள். நான் மாய்ந்து மாய்ந்து போட்டோ எடுத்தேன்.

மத்தியானம் சாப்பாடு ஊட்டும்போது காலைச் சொறிய ஆரம்பித்தாள். முழங்காலுக்குக் கீழே நான்கு இடம். பார்க்கப் பார்க்கத் தடித்தன. டாக்டர் இதற்கென்று எழுதிக்கொடுத்திருந்த சிரப்பைக் கொடுத்தேன், ஈரத்துணி ஒற்றினேன், கேலமைன் தடவினேன், நகத்தை ஒட்ட வெட்டினேன். அப்பா கொசுவலையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை தேடிக்கொண்டிருந்தார். தன் ஷிப்ட்டில் தவறு நடந்துவிட்டதாக அவருக்கு எண்ணம். கணவர் போனில் ஒப்பந்தத்தை ஞாபகப்படுத்தினார். சாயங்காலம் வரை பார்ப்போம், இன்னும் வீங்கினால் கடைசி பஸ்ஸுக்காவது வந்துவிடுகிறேன் என்றேன். பையை எடுத்துக் கட்டிலில் வைத்தேன். ஒரு ராத்திரி தங்கியதோடு முடிந்தது, இனி இந்த வீட்டுக்கு வரவே போவதில்லை என்று நினைத்துக்கொண்டே அவள் துணிகளை மடித்தேன்.

அவள் தூங்கியதும் கொல்லைக்குப் போய் மரத்தடியில் உட்கார்ந்தேன். நல்ல வெயில். சுரீரென்று புறங்கையில் கடித்தது. அடித்துப் பார்த்தால் கறுப்பு உடம்பில் வெள்ளை வரி போட்ட கொசு. இன்னொன்று காலில். நாங்கள் ராத்திரி முழுக்கக் காவல் காத்தோம், இதுவோ ஃபர்ஸ்ட் ஷிப்ட்டுக்கு வந்திருக்கிறது. எழுந்து ஹெல்மெட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். தண்ணீரில் கூத்தாடிப் புழு நெளிந்துகொண்டிருந்தது.

அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் நம்பவில்லை. “தினம் நல்ல தண்ணி ஊத்துறேனேம்மா. சாக்கடையா இது?”

“ஊத்துறீங்க. பழசக் கீழ கொட்டுறீங்களா?”

அவர் ஹெல்மெட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். “கொட்டுனதே இல்லம்மா. உங்கம்மா ஊத்துனது அடியில கொஞ்சமாவது கெடக்கும்ல” என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு வருஷ வெயிலில் அந்தத் தண்ணீர் என்றைக்கோ ஆவியாகியிருக்கும் என்பது முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்த மனிதருக்குத் தெரியாதா? தெரியும். இருந்தும் ஒருநாள்கூடக் கவிழ்க்க மனம் வரவில்லை அவருக்கு. வேலியை வெட்டத் துணிந்தவர் இதைத் தொடவில்லை.

அப்போதுதான் எனக்கு வெள்ளிக்கிழமைகள் ஞாபகம் வந்தன. பூஜைப் பாத்திரங்களோடு இந்த இரண்டையும் அம்மா கம்பியிலிருந்து கழற்றி, டிசம்பர் பூ வேரில் கவிழ்த்து, தேங்காய் நாரால் உள்ளே பரபரவென்று தேய்ப்பாள். பாசியின் வழவழப்பு விரலில் படக்கூடாது அவளுக்கு. அப்பாவிடம் சொன்னேன். அம்மா வாராவாரம் கொட்டித்தான் ஊற்றுவாள், அவள் தண்ணீர் ஒரு வாரத்துக்குமேல் இதில் இருந்ததே இல்லை என்றேன்.

“நான் பாத்ததே இல்லையே” என்றார் ஆச்சரியமாக. “காலையில ஒண்ணு மைன்ஸ்ல இருப்பேன், இல்ல செகண்டோ நைட்டோ முடிச்சுட்டு வந்து தூங்கிட்டிருப்பேன்.”

இருபத்தெட்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அவர் கண்ணில் படாத வெள்ளிக்கிழமைகள். அன்று என்ன கிழமை என்று நாங்கள் பார்க்கவில்லை. அவரே கம்பியை அவிழ்த்தார். முன்வாசலுக்கு எடுத்துப்போய், வெட்டிவிட்ட டிசம்பர் பூ அடிக்கட்டைகளில் இரண்டையும் மெதுவாகக் கவிழ்த்தார். நான் நார் கொடுத்தேன். வாசற்படியில் உட்கார்ந்து அப்பா தேய்த்த சத்தத்தில் யாழினி எழுந்து வந்துவிட்டாள். ஒரு ஹெல்மெட்டைத் தன் தலையில் வைத்துக்கொள்ள அடம் பிடித்தாள். மூக்குவரை இறங்கியது.

சாயங்காலம் வீக்கம் அதற்குமேல் ஏறவில்லை. காய்ச்சலும் இல்லை. மறுநாள் காலை பாதிக்குமேல் வற்றிவிட்டது. பையை அவிழ்த்தேன். இருக்கிற கொசு அதற்குள் செத்துவிடாது என்பதால் பகலிலும் முழுக்கால் பேண்ட், சாக்ஸ், மத்தியானத் தூக்கத்துக்கும் வலை. அப்பா பகலுக்கென்று ஜெனரல் ஷிப்ட் ஒன்றையும் சேர்த்துக்கொண்டார். மீதி நாட்களில் புதுக் கடி ஒன்றே ஒன்று. நான்கு நாளும் இருந்தோம்.

இதுபோன்ற தோல் உள்ள குழந்தையோடு போகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கிளம்புமுன் உங்கள் டாக்டரைப் பார்த்து, கடித்தால் என்ன மருந்து, எவ்வளவு என்று கேட்டுக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். கொசு விரட்டும் க்ரீமும் அவர் சொன்னதுதான், அவர் சொன்ன அளவுதான். குழந்தையின் கையிலும் கண் பக்கத்திலும் வேண்டாம், கை வாய்க்குள் போய்விடும். யூகலிப்டஸ் தைலம், கொசுவர்த்திப் புகை இரண்டையும் நாங்கள் தொடவில்லை. வீக்கம் பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ, முகம் வீங்கி மூச்சு திணறினாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். போய் இறங்கிய வீட்டில் இரவுக்கு மட்டுமல்ல, பகலுக்கும் காவல் போடுங்கள். பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜ் பின்னால் இருக்கும் தட்டு, குருவிக் கிண்ணம் எல்லாவற்றையும் எட்டிப் பார்த்துவிட்டு மறுவேலை பாருங்கள். வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேய்த்தால் புழு கொசுவாக நேரம் இருக்காது. தண்ணீர் மாற்றினால் மட்டும் போதாது, முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

பிப்ரவரியில் அப்பா சாவியைக் கொடுத்துவிட்டு வடலூரில் சிறியதாக ஒரு வாடகை வீடு பார்த்துப் போய்விட்டார். சென்னைக்கு வர மாட்டேன் என்றுவிட்டார். ஹெல்மெட் ஒன்று அங்கே, மாடிக் கைப்பிடியில். இன்னொன்று எங்கள் பால்கனிக் கம்பியில். மைனா வருவதில்லை, புறாதான் வருகிறது. யாழினிக்கு அதுவே மைனா.

வெள்ளிக்கிழமை காலையில் அப்பாவிடமிருந்து போன் வரும். நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். “கவுத்துத் தேச்சாச்சும்மா” என்பதுதான் முதல் பேச்சு. இந்த வாரம் கூடவே இன்னொன்றும் சொன்னார். சாவி கொடுக்குமுன் அந்த டிசம்பர் பூ அடிக்கட்டைகளில் நான்கைப் பெயர்த்துத் தொட்டியில் வைத்திருக்கிறார். ஒன்று துளிர்த்திருக்கிறதாம். ஹெல்மெட் தண்ணீரை அதற்குத்தான் ஊற்றுகிறாராம்.