ஆற்றங்கரை ஹோட்டலும் அத்தாச்சியின் பசுக்களும்

மணிக்குள் பழந்துணியைத் திணித்துவிட்டால், மாடு தலையை ஆட்டும்போது ஒரு சின்ன முனகல் மட்டும்தான் கேட்கும். அதை நான் முதன்முதலில் கேட்டது, அத்தாச்சி, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குப் பின்னால் குந்தியிருந்து, கிழிந்த சேலைத் துண்டை இரண்டு பசுக்களின் கழுத்து மணிகளிலும் அடைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில். அத்தாச்சி என் அண்ணன் மனைவி. அண்ணன் இறந்த பிறகு தேயிலைக் கொழுந்துக் கூடையும் இந்தப் பசுக்களும்தான் அவருக்கும் பிள்ளைகளுக்கும் சோறு. தோட்டத்தை நிர்வகிக்கிற துரையின் அனுமதியில்லாமல் அங்கே மாடு வைக்கக் கூடாது. ஆனாலும் லயத்துக்கு லயம் காட்டோரமாக மாடுகள் நின்றன. "ஊருக்கே தெரிஞ்சிருக்கணும், தொரைக்கு மட்டும் தெரியக்கூடாது. அதுக்குப் பேருதான் தம்பி ரகசியம்" என்பார். பேச்சில் அவரை மடக்க ஆள் கிடையாது.

அப்போது நான் பெரகலச் சந்தியில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் தோட்டத்துக்குக் கீழே, அருவித் தண்ணீர் ஆறாகி அகலுகிற இடத்தில், ஜன்னலைத் திறந்தால் தண்ணீர் தெரிகிற ஹோட்டல் ஒன்றைக் கட்டக் கொழும்பு முதலாளிமார் சிலர் யோசித்தார்கள். பாலும் முட்டையும் காய்கறியும் அக்கம்பக்கத்திலேயே கிடைக்குமா, இல்லை பண்டாரவளையிலிருந்து லொறியில் ஏற்ற வேண்டுமா, வேலைக்கு ஆள் உண்டா என்றெல்லாம் பார்த்துச் சொல்ல ஒரு யாழ்ப்பாணத்து ஐயாவை அனுப்பியிருந்தார்கள். என் காரில்தான் அவர் ஊர் ஊராகத் திரிந்தார். இதை அத்தாச்சியிடம் சொன்னபோது, "தெனம் பால் வாங்குவாங்களா தம்பி? அப்ப இந்தக் கூடைய முதுகவிட்டு எறக்கிரலாமே" என்றார். சொன்ன வாய் மூடுமுன்னே பயமும் வந்துவிட்டது. பிரஜாவுரிமைக்கு மனுக் கொடுத்துவிட்டு, இருக்க விடுவார்களோ இந்தியாவுக்குக் கப்பலேற்றுவார்களோ என்று லயமே தூக்கம் கெட்டுக் கிடந்த காலம் அது. பேனாவோடு வருகிறவரை யார் நம்புவார்கள்? மாடுகளைக் காட்டுக்குள் ஓட்டிவிடுவது என்று எல்லாரும் பேசி முடித்தார்கள். அத்தாச்சியும் தலையாட்டினார்.

ஐயா வந்தார். வாசல் வாசலாக நின்று கேட்டார். பால் கறக்கிற மாடு உண்டா? "இல்லீங்க." காய்கறித் தோட்டம்? "எங்கங்க நேரம்?" கோழி வளர்ப்பது உண்டா? "கோழியா? அது இந்தக் குளிருக்கு நிக்காதுங்க" என்று ஒரு பெரியவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, கவிழ்த்த கூடைக்குள்ளிருந்து ஒன்று கொக்கரித்தது. நாலைந்து பேருக்கு ஒரே நேரத்தில் இருமல் வந்தது. ஐயா சிரிக்கவில்லை. இந்த மண்ணில் தேயிலையைத் தவிர ஒன்றுமில்லை என்று முடிவு கட்டியவர்போலப் பேனாவை மூடினார்.

அப்போது அத்தாச்சி தேத்தண்ணி கொண்டுவந்தார். எங்கள் ஆட்கள் சீனியை நக்கிக்கொண்டு வெறும் தேயிலைச் சாயத்தைக் குடிப்பார்கள்; ஆனால் வாசலுக்கு வந்தவருக்குப் பாலில்லாமல் கொடுத்தால் அது பரம்பரைக்கே இழுக்கு. யோசித்துச் செய்ததில்லை, கை தன் பழக்கத்துக்குப் போட்டுவிட்டது. கோப்பையில் பாலாடை மிதந்தது. லயம் மொத்தமும் அந்த ஆடையைப் பார்த்தது.

ஐயா ஒரு வாய் குடித்தார். "அம்மா, உங்கடை வாய் ஒரு கதை சொல்லுது, தேத்தண்ணி வேறை கதை சொல்லுது."

"அது டின்பாலுங்க" என்றார் கோழிக்காரப் பெரியவர்.

"நீங்க சும்மா இருங்க மாமா. கோழிய அமுக்கத் தெரியல, பேச வந்துட்டீங்க" என்ற அத்தாச்சி, ஐயாவைப் பார்த்துக் கேட்டார்: "எழுதுனா மாட்டப் புடிச்சுக்கிட்டுப் போவாங்களா சாமி?"

"நான் துரையின்ரை ஆள் இல்லை. ஆனா இது அவரின்ரை காதுக்குப் போகாதெண்டு சத்தியம் பண்ண ஏலாது."

"எழுதாட்டி?"

"பால் பண்டாரவளையிலை இருந்து வரும்."

முந்தானை நுனியை அத்தாச்சி விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார். "எம் பேர எழுதுங்க. ரெண்டு பசு. ஒண்ணு செனை" என்றார். பக்கத்து வாசல்களில் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு அவருக்கு நிம்மதியில்லை. மேட்டில் எந்தக் கார் இரைந்தாலும் வாசலுக்கு ஓடி வருவார். பால் கேட்டு வருகிறார்களா, மாட்டைப் பிடிக்க வருகிறார்களா என்று தெரியாது. தண்ணீருக்குப் போன பெண்கள், "ஓட்டல் மொதலாளி வாராரு அத்தாச்சி" என்று கேலி செய்வார்கள். நான் போகும்போதெல்லாம், "எதுவாச்சும் ஒண்ணு வந்து தொலைஞ்சா தேவல தம்பி" என்பார். ஹோட்டல் வரவில்லை. முதலாளிமார் மனம் மாறிவிட்டதாகச் சந்தியில் பேசிக்கொண்டார்கள். இன்று அந்த மலைச் சாலையில் தண்ணீர் பார்க்கிற அறைகளுக்குப் பஞ்சமில்லை. பெரும்பாலும் பால்மாவைக் கரைத்துத்தான் தேநீர் தருகிறார்கள்.

கடைசியில் ஒருநாள் நான் போனபோது, பசுக்கள் இரண்டும் புதுக்கன்றும் லயத்தின் முன்வாசலில், சாலையைப் பார்த்தபடி கட்டப்பட்டிருந்தன. "என்ன அத்தாச்சி இது?" என்றேன். "பயந்துகிட்டே கறந்தா மாடும் பால அடக்கிக்குது" என்று செம்பை முழங்காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டார். மேட்டில் துரையின் கார் திரும்பியது. லயத்தில் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். கார் எங்களுக்கு நேரே வந்து மெதுவானது. கண்ணாடிக்குப் பின்னால் துரையின் முகம் எங்கள் பக்கம் திரும்பியிருந்தது. அத்தாச்சி எழுந்திருக்கவில்லை. கறந்துகொண்டே இருந்தார்.