துபாய் பக்கம், மெட்ராஸ் தூரம்

விருத்தாசலத்துலேர்ந்து மெட்ராஸ் ஏர்போர்ட்டுக்கு வாடகைக் காரு ஓட்டுறவன் பூகோளம் படிக்க வேண்டியதில்ல, பின் சீட்டே பாடம் எடுத்துடும். ஸ்டியரிங் பிடிச்ச அண்ணன் தம்பிங்களே, நான் பட்டதுல பாதியாவது நீங்களும் பட்டிருப்பீங்க.

எது தூரம்?

எங்க ஊரு யூசுப் மொத தடவை துபாய் கெளம்பினப்போ, வழியனுப்ப வூடே கெளம்பிடுச்சு. ஏழு பேர் உக்கார்ற வண்டியில பத்துப் பேர். செராமிக் பொம்மைக்கு நடுவுல வைக்கோல் திணிக்கிற மாதிரி பையெல்லாம் திணிச்சேன். உளுந்தூர்பேட்டை வரைக்கும் துவா ஓதிக்கிட்டே வந்த அவனோட அம்மா, ப்ளேன்ல எவ்வளவு நேரம்னு கேட்டாங்க. நாலு மணி நேரம்னேன். நம்ம வண்டி மெட்ராஸ் போக? அஞ்சுன்னேன்.

வெரல் விட்டு எண்ணிப் பாத்தாங்க. "அப்போ மெட்ராஸ்லதான் பொண்ணு குடுக்கக் கூடாது தம்பி, ரொம்பத் தூரம்."

கடல் தாண்டினவன்

பொண்டாட்டி பர்வீன் முழுகாம இருக்கறப்போ போனவன், மூணு வருஷம் கழிச்சு லீவுல வந்தான். மக ஆயிஷாவை போன்லதான் பாத்திருக்கான். எறங்கினதும் அவளைத் தூக்கணும், ஒரு மாசமா இதே பேச்சுன்னு பர்வீன் சொல்லுச்சு.

அவன் ப்ளேன் ஏறினதும் நாங்க வண்டி ஏறினோம். விழுப்புரத்துல பிரியாணி அண்டாவைத் தொறந்துட்டாங்க. அப்புறம் ஒருத்தருக்கு வாந்தி. அப்புறம் சோடா. எனக்குப் பத்திக்கிட்டு வந்துது. அதுக்குள்ள யூசுப்கிட்டேர்ந்து போன். "நான் கடலையே தாண்டி வந்துட்டேன், நீங்க இன்னும் திண்டிவனம் தாண்டலியா அண்ணே?"

யாரோ ஒருத்தர்

ஏர்போர்ட் வாசல்ல பெட்டியை அப்படியே போட்டுட்டுக் கையை நீட்டினான். ஆயிஷா பர்வீன் துப்பட்டாவுக்குள்ள பூந்துடுச்சு. சாக்லேட் காட்டினான், பேசுற பொம்மை காட்டினான். ம்ஹூம். பொம்மையை மடியில வெச்சுக்கிட்டு முன் சீட்டுல என் பக்கத்துல உக்காந்துட்டான்.

செங்கல்பட்டு தாண்டினதும், அத்தாவுக்குப் போன் போடுன்னு ஆயிஷா ஒரே அழுகை. பர்வீன் வேற வழியில்லாம வீடியோ கால் போட்டுச்சு. முன் சீட்டுல மணி அடிச்சுது. எடுத்தான். போன்ல அவன் மூஞ்சியைப் பாத்ததும் புள்ளைக்கு ஒரே சிரிப்பு. அப்புறம் ரகசியமா சொல்லுச்சு: "அத்தா, எங்க வண்டியில யாரோ ஒருத்தர் உக்காந்திருக்காங்க."

விக்கிரவாண்டி

டீக்கு நிறுத்தினேன். யூசுப் போனை வெக்காமயே எறங்கி, பின் கதவைத் தொறந்து, பேசிக்கிட்டே குனிஞ்சு நின்னான். ஆயிஷா போனைப் பாத்துச்சு, அவனைப் பாத்துச்சு, திரும்பவும் போனைப் பாத்துச்சு. கன்னத்தைத் தொட்டுப் பாத்துச்சு. அப்புறம் தானா அவன் கழுத்தைக் கட்டிக்கிச்சு. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, டீ சூடுன்னு சொல்லிச் சமாளிச்சேன்.

அவன் தோள்ல சாஞ்சுக்கிட்டு புள்ள கேட்டுச்சு: "அத்தா, போன்லேர்ந்து எறங்கிட்டீங்களா?"

ஆகவே அண்ணன் தம்பிங்களே, இனிமே யாராவது கேட்டா சொல்லுங்க: துபாய் நாலு மணி நேரம், மெட்ராஸ் அஞ்சு மணி நேரம், என் வண்டியில முன் சீட்டுலேர்ந்து பின் சீட்டுக்குப் போக விக்கிரவாண்டி வரைக்கும் ஆவும்.