கூச்ச மீனுக்கு நான் வைத்த விருந்து

மூன்று வருடங்களுக்கு முன்பு, மாங்காய் வண்டிகள் ஓயத் தொடங்கியிருந்த ஓர் ஆனி மாதம். பாலக்கோட்டில், எங்கள் வீட்டு முன்னறையில் நடந்தது இது.

தக்காளி போடும் விவசாயிகளுக்குச் சொட்டுநீர்க் குழாய், வால்வு, மோட்டார் சாமான்கள் விற்பது என் தொழில். எங்கள் ஊரிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் எந்தப் பக்கம் போனாலும் அரை நாள் ஆகும். அப்படியிருக்க எனக்குக் கடல் மீன் பைத்தியம் பிடித்தது ஒரு பல்வலியால்தான். பெங்களூரில் பல் பிடுங்கப் போன இடத்தில், காத்திருக்கும் அறையில் உயிருள்ள பவளங்களோடு ஒரு கடல் தொட்டி வைத்திருந்தார்கள். என் பெயரை மூன்று முறை கூப்பிட்ட பிறகுதான் எனக்குப் பல் வலிக்கிறது என்பதே ஞாபகம் வந்தது.

குழாய் வேலை கைவந்த கலை என்பதால் நான்கடித் தொட்டி ஒன்றை நானே அமைத்தேன். எங்கள் ஊர் போர் தண்ணீர் அதற்கு ஆகாது. சுத்திகரித்த நீரில் அதற்கென்று விற்கும் கடல் உப்பைக் கலந்து, ஒரு நாள் முழுக்கச் சுழலவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். பொறுமை என்பது எனக்கு ராசியில்லாத விஷயம், ஆனாலும் செய்தேன். செய்ததைச் சும்மாவும் வைத்திருக்கவில்லை. கடைக்கு ஒரு வால்வு வாங்க வந்தவரைக்கூட வீட்டுக்கு இழுத்து வந்து, தொட்டியைக் காட்டி, காபி கொடுத்து அனுப்புவேன்.

அந்தத் தொட்டியில் எனக்கு உயிரான மீன் ஒன்று இருந்தது. ஏஞ்சல் மீன் வகையில் மிகச் சிறியது, விரல் நீளம்தான். வெள்ளை உடம்பில் மெல்லிய கறுப்புக் கோடுகள் மேலிருந்து கீழாக இறங்கும். வயிற்றுத் துடுப்பு மட்டும் மஞ்சள். அதன் கூச்சம் இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது. வாங்கி ஒரு வருடம் ஆகியும், பாறைப் பொந்திலிருந்து அது முழுசாக வெளியே வந்து நான் பார்த்ததை விரல் விட்டு எண்ணிவிடலாம். பெரும்பாலும் வால் மட்டும்தான் தரிசனம்.

மீன் வாங்கும் சென்னைக் கடைக்காரரிடம் புலம்பினேன். “தனியா இருந்தா அப்படித்தான் சார். அதைவிடச் சின்னதா ஒண்ணு துணைக்கு விடுங்க. துணை இருந்தா தைரியம் வரும்” என்றார். இந்த மீன்கள் எல்லாமே முதலில் பெண்ணாகத்தான் வளரும், இரண்டைச் சேர்த்து விட்டால் பெரியது தானாகவே ஆணாக மாறிவிடும் என்று அவர் சொன்னபோது நான் போனைக் கீழே வைக்க மறந்து நின்றேன். என் மனைவியிடம் சொன்னேன். “நம்ம வூட்டுக்கு அந்த வழக்கம் வந்திருந்தா இந்நேரம் நாந்தாங்க கடையில உக்காந்திருப்பேன்” என்றாள்.

சென்னைக்கு நானே போய் வாங்கினேன். பகல் ரயிலில் தெர்மாகோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பொம்மிடி வரை வந்தேன். எதிரில் இருந்தவர் காட்பாடியிலிருந்தே பெட்டியைப் பார்த்துக்கொண்டு வந்து, கடைசியில் தாங்காமல் “ஐஸ்கிரீமுங்களா?” என்று கேட்டார். திறந்து காட்டினேன். வாயைத் திறந்தவர் மூடவே இல்லை. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

வீட்டுக்கு வந்ததும், தக்காளிச் செடிக்கு விடுவது போலவே சொட்டு வால்வு வைத்து, தொட்டித் தண்ணீரைத் துளித்துளியாக மீன் இருந்த தண்ணீரில் கலந்து பழக்கினேன். பழைய மீன் அடித்துவிடக் கூடாதென்று ஒரு வாரம் ஓட்டைகள் போட்ட பெட்டிக்குள் வைத்தேன். இதுவரைக்கும் நான் செய்தது எல்லாம் சரி. எட்டாம் நாள் காலையில் பெட்டியைத் திறந்து விட்டேன். புதுசு கண் சிமிட்டும் நேரத்தில் பொந்துக்குள் போனது. அதோடு சரி.

மறுநாள் காணோம். அதற்கு மறுநாளும் காணோம். பழையதன் வாலும் இப்போது தெரியவில்லை. புது மீன் வந்திருக்கிறது என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்ததால் ஆள் ஆளாக வந்தார்கள். ஒவ்வொருவரும் கண்ணாடியில் மூக்கை வைத்து, செல்போன் டார்ச் அடித்து, பொந்துக்குள் தேடினார்கள். எதுவும் தெரியாததும், காபியைக் குடித்துவிட்டு “செத்துருக்குமுங்க” என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. சாப்பிடாமல் செத்துவிடுமே என்ற பயம். எங்கள் பக்கம் வீட்டுக்கு வந்தவர் கூச்சப்பட்டுப் போதும் என்றால், இன்னும் இரண்டு கரண்டி சேர்த்து வைப்போம். இலையை மூடினாலும் விட மாட்டோம். அதையேதான் நான் மீனுக்கும் செய்தேன். இறாலை அரைத்து, சிரிஞ்சில் மெல்லிய சொட்டுநீர்க் குழாயை மாட்டி, நேராகப் பொந்துக்குள்ளேயே பீய்ச்சினேன். காலை, மத்தியானம், சாயங்காலம் என்று மூன்று வேளை. மனசு கேட்காத நாட்களில் நான்கு வேளை. “இன்னும் களி மட்டுந்தான் கிண்டி ஊட்டலைங்க நீங்க” என்றாள் மனைவி.

இப்படி ஊட்டத் தொடங்கிய ஐந்தாம் நாள் மத்தியானம் கடையிலிருந்து சாப்பிட வந்தேன். முன்னறைக் கதவைத் திறந்ததும் வாடை அடித்தது. தொட்டித் தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீர் போலக் கலங்கியிருந்தது. பவளங்கள் எல்லாம் சுருங்கிக் கிடந்தன. மற்ற மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து மூச்சு வாங்கின. பொந்துக்குள் யாரும் தின்னாமல் கிடந்த இறால் அத்தனையும் அழுகி விஷமாகியிருந்தது. உபசாரம் செய்தே கொன்றுவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

கடைக்காரருக்குப் போன் போட்டேன். “பாதித் தண்ணிய உடனே மாத்துங்க சார். உடனேன்னா உடனே” என்றார். என்னிடம் கலந்து தயாராக இருந்தது இரண்டு குடம். புதிதாகக் கலந்தால் மறுநாள்தான் ஊற்ற முடியும். அதுவரை தாங்காது என்று இருவருக்கும் தெரியும். சற்று யோசித்துவிட்டு அவர் சொன்னார்: “கம்பைநல்லூர்ப் பக்கம் ஒரு அம்மா எங்கிட்ட உப்பு வாங்குறாங்க. அதிகம் பேச மாட்டாங்க. நான் கேட்டுப் பாக்குறேன்.”

எங்கள் மாவட்டத்தில் என்னைத் தவிர இன்னொருவரிடம் கடல் தொட்டி இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்து, மல்பெரித் தழை ஏற்றும் ஒரு சின்ன வண்டி வாசலில் வந்து நின்றது. ஓட்டி வந்தது ஒரு பெண்மணி, என் மனைவி வயதுதான் இருக்கும். பின்னால் மூடி போட்ட இரண்டு நீல ட்ரம்கள். தன் தொட்டிக்கு மாற்றுவதற்காகக் கலந்து வைத்திருந்த தண்ணீர் முழுவதையும் ஏற்றிக்கொண்டு, ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் வந்திருக்கிறார், முகம் தெரியாத எனக்காக.

வாசற்படி ஏறும் முன்பே கேட்டார். “வூட்ல பூச்சி மருந்து ஏதாச்சும் இருக்குதுங்களா?”

“இல்லீங்கம்மா. நம்முது பைப்பு கடை. மருந்து விக்கறதில்ல.”

“கை கால் கழுவணும். தண்ணி எங்கிருக்குதுங்க?”

பட்டுப்புழு வளர்ப்பவர் என்று பிறகு சொன்னார். பூச்சி மருந்து வாடை பட்டாலே புழு செத்துவிடுமாம். புழு மனைக்குள் போகும் முன் கை கால் கழுவிக் கழுவி அது பழக்கமாகிவிட்டதாம். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. காபி வேண்டாம் என்றார். நான் குழாய் போட்டுப் பழைய தண்ணீரை இறக்க, அவர் பொந்திலிருந்த அழுகலைத் துளியும் கலக்காமல் உறிஞ்சி எடுத்தார். பிறகு தன் தண்ணீரின் சூட்டையும் உப்பையும் சரிபார்த்து, மெல்ல மெல்ல ஏற்றினார். அந்தக் கைகள் அவசரப்பட்டு நான் பார்க்கவில்லை. அரை மணி நேரத்தில் மற்ற மீன்கள் கீழே இறங்கின. பொந்து மட்டும் இருட்டாகவே இருந்தது.

“எத்தன வாட்டி தீனி போட்டீங்கண்ணா?”

சொன்னேன். டார்ச் அடித்த கதையையும் மனைவி சேர்த்துச் சொல்லிவிட்டாள். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. ஒரு பழைய போர்வை கேட்டார். தொட்டியின் முன்னும் இரண்டு பக்கங்களும் மறையும்படி அதைக் கட்டினார்.

“புழு மனைக்குள்ள நாங்க வெளி ஆளுங்கள விடறதே இல்லீங்க. பத்து நாளைக்கு இதையும் யாரும் பாக்க வேணாம். நீங்களுந்தான். தெனம் ஒரு வேளை, ஒரு சிட்டிகை, மேலாக்க போட்டுட்டு வந்துருங்க.”

“உள்ள செத்துக் கெடந்தா எப்படிம்மா தெரியும்?”

“தண்ணியே சொல்லிரும்ங்க. செத்திருந்தா தண்ணி கெட்டுரும். தெனமும் ஒரு டம்ளர் எடுத்து டெஸ்ட் பண்ணிப் பாருங்க. தண்ணி சுத்தமா இருந்தா உசுரோட இருக்குதுன்னு நம்புங்க.”

காலி ட்ரம்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். வண்டி தெரு திரும்பிய பிறகுதான் நான் நன்றிகூடச் சொல்லவில்லை என்பது ஞாபகம் வந்தது.

அந்தப் பத்து நாட்கள் எனக்கு எப்படிப் போயின என்பது என் மனைவிக்குத்தான் தெரியும். சொந்த வீட்டில், சொந்தத் தொட்டி முன்னால், போர்வையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தூக்கிப் பார்க்கக் கை போகும். “அங்க என்னங்க வேல?” என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். தொட்டியில் வளர்ந்த ஒரு இறாலும் சில பவளங்களும் செத்ததை மேலிருந்து எடுத்தேன், மனசு கனத்தது. ஆனால் தண்ணீர் ஒவ்வொரு நாளும் சுத்தமாக இருந்தது. ஒவ்வொரு காலையும் அந்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, இன்றைக்கும் இருக்கிறது, இன்றைக்கும் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வந்தவர்களை வாசலோடு காபி கொடுத்து அனுப்பினேன்.

பதினோராம் நாள் சாயங்காலம் நான்கு மணி இருக்கும். போர்வையின் ஓரத்தை இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் விலக்கினேன். மனைவி என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

முதலில் பழைய மீன் வெளியே வந்தது. முழுசாக, தலை முதல் வால் வரை. சற்று நின்று பார்த்துவிட்டு உள்ளே திரும்பியது. மறுபடி வந்தது, மறுபடி திரும்பியது. மூன்றாவது முறை அதன் பக்கத்தில் இன்னொரு சின்ன முகம் தெரிந்தது. பெரியது அதன் பக்கமாகப் போய் உடம்பைச் சிலிர்த்துக் காட்டியது, வா என்று கூப்பிடுவது போல. இரண்டும் சேர்ந்து வெளியே வந்தன. பெரியது முன்னால், சின்னது அரை உடம்பு பின்னால். பாறையைக் கொத்தித் தின்றன. பிறகு நான் கனவிலும் நினைக்காத ஒன்றைச் செய்தன. பாறை விளிம்புக்கு அடியில் போய், இரண்டும் ஒரே நேரத்தில் கவிழ்ந்து, வயிறு மேலே பார்க்கத் தலைகீழாக நீந்தின. பொந்தின் கூரைதான் அவற்றுக்குத் தரை. நாங்கள் அத்தனை பேரும் டார்ச் அடித்துத் தரையிலேயே தேடிக்கொண்டிருந்தபோது, அந்தச் சின்ன உயிர் நாங்கள் தேடாத பொந்தின் கூரையில் ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறது.

கோயிலில்கூட நான் அப்படி நின்றதில்லை என்று சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மூச்சு விட்டால் ஓடிவிடுமோ என்று இருவரும் மூச்சைப் பிடித்து நின்றோம். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து தீய்ந்த வாடை வந்த பிறகுதான் எங்களுக்கு வீடு ஞாபகம் வந்தது.

அந்த அம்மாவுக்கு உடனே செய்தி அனுப்பினேன். “சந்தோஷம்ங்க. துணிய ஒரே நாள்ல எடுத்துறாதீங்க” என்று பதில் வந்தது. தினம் ஒரு கையகலமாக எடுத்தேன். ஒரு நாள், குடும்பத்தோடு வந்து உங்கள் தொட்டியைப் பார்க்கலாமா என்று ஆசையாகக் கேட்டேன். இரண்டு நாள் பதிலே இல்லை. பிறகு ஒரே வரி வந்தது: “வர வேணாம்ங்கண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க.” முதலில் சுருக்கென்றுதான் இருந்தது. தொட்டி முன்னால் போய், அந்தப் பொந்தையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன், அந்தச் சுருக்கு போய்விட்டது.

இப்போது என் ஜோடி தைரியமாகத்தான் திரிகிறது. பெரியது ஆணாக மாறிவிட்டது என்று கடைக்காரர் வீடியோ பார்த்துச் சொன்னார். உப்பு வாங்கும்போது அந்த அம்மாவுக்கும் சேர்த்து வாங்கி பஸ்ஸில் கொடுத்து அனுப்புவேன், “வந்துருச்சுங்க” என்று செய்தி வரும். அவ்வளவுதான் எங்கள் பழக்கம். கம்பைநல்லூர்ப் பக்கம் மல்பெரித் தோட்டத்து வீடு ஒன்றுக்குள் ஒரு துண்டுக் கடல் இருக்கிறது. அதில் என்ன நீந்துகிறது என்று ஊரெல்லாம் வாய் ஓயாமல் பேசும் எனக்கு இன்றுவரை தெரியாது. அதைக் கேட்காமல் இருப்பதுதான் அவருக்கு நான் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கும் நன்றி.