செசிலியாவின் ஏலக்குரல்

வாளியைத் தராசுக் கொக்கியில் மாட்டிவிட்டால், நுரை அடங்கும்வரை செசிலியா மூச்சுகூட விடமாட்டாள். முள் நின்றதோ இல்லையோ, "எல்லம்மாக்கா மாடு, நாலு கிலோ...! நாலே கிலோ...!" என்று கூவுவாள். ஏரிக்கரையில் இறால் ஏலம் விட்ட வீட்டுப் பெண். குறித்த நாளில் வீடு வீடாகப் போய் எந்த மாடு எவ்வளவு கறக்கிறது என்று நிறுத்து எழுதும் வேலைக்கு வந்தும் தொண்டை மட்டும் ஏலக்கூடத்திலேயே நின்றுவிட்டது.

எந்தக் கிடேரியை வைத்துக்கொள்ளலாம், எதை விற்கலாம் என்று பழவேற்காட்டுக் குப்பங்களில் அவளைத்தான் கேட்பார்கள். "ஆத்தா கறக்குறத பாரு. அதே காளைக்குப் பொறந்த அக்காளுங்க கறக்குறத பாரு. அப்பால ரத்தம் எடுத்து மரபணு பாரு" என்பாள். மூன்றில் அவள் தலைமேல் வைத்துக் கொண்டாடுவது முதலாவதைத்தான். தன் கையால் நிறுத்தது ஆயிற்றே!

அந்தத் தைரியத்தில்தான், "ஆத்தா கறவை பத்தல, கிடேரிய வித்துடு" என்று எல்லம்மாவிடம் சொல்லிவிட்டாள். ஏரியில் குனிந்து கையால் இறால் தடவும் எல்லம்மா, இடுப்பு விட்டுப்போனால் இதுதான் சோறு போடும் என்று வளர்த்த கிடேரி அது. எளாவூர் மாட்டுத் தரகரும் வருவதாகச் சொல்லிவிட்டார். அப்போது பார்த்து, முன்பே ரத்தம் அனுப்பியிருந்த பரிசோதனைக் கூடத்திலிருந்து போன்: கிடேரியின் மரபணு முதல் தரம். திருப்பாலைவனத்தில் அதன் தகப்பன் காளையின் மற்ற மகள்களும் குடம் குடமாய்க் கறக்கின்றன. செசிலியாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு குடும்பத்தின் பிழைப்பைக் கெடுத்துவிட்டோமோ என்று பயந்தே போனாள்.

அடுத்த அளவு நாளில் வழக்கத்துக்கு முன்பே போய் நின்றாள். தாய்ப்பசுவின் மடியில் கன்று அப்போதுதான் முட்டத் தொடங்கியிருந்தது, வாயெல்லாம் நுரை.

"இன்னாக்கா இது? முன்னாடியே ஊட்ட உட்டா வாளில இன்னா மிஞ்சும்?"

"நீ கூவுற கூவுல தெருவே எட்டிப் பாக்குது செசிலி. கண்ணு பட்டுடாதா? அதான் நீ வர்ற அன்னிக்கு மட்டும் கன்னுக்குட்டிய அவுத்து உட்டுர்றது."

கோபம் வந்திருக்க வேண்டும், சிரிப்புத்தான் வந்தது. "என் வயித்துல பால வார்த்தக்கா! தரகர வரவேணான்னு சொல்லு மொதல்ல."

கன்றை இழுத்துக் கட்டிவிட்டு எல்லம்மா கறந்தாள். செசிலியா வாளியை மாட்டினாள். நுரை அடங்கியது. முள் அவள் நினைத்ததையும் தாண்டிப்போய் நின்றது. பழக்கதோஷம், வாய் திறந்துகொண்டது. சட்டென்று மூடிக்கொண்டு தெருவைப் பார்த்தாள். பிறகு தராசின் மேல் முந்தானையைப் போர்த்தி, எல்லம்மாவுக்கு மட்டும் தெரியும்படி ஓரமாக விலக்கிக் காட்டினாள்.