காலண்டருக்குப் போன கேட் படம்

மின்சார ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அசரியாவுக்குப் போன வருஷம் நெஞ்சுவலி வந்தது. பிழைத்தார். தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். படம் எடுத்துக்கொண்டே நடக்கச் சொன்னதாக யாருக்கும் ஞாபகமில்லை. ஆனால் துபாயிலிருக்கும் மகன் நல்ல கேமரா உள்ள போன் ஒன்றை அனுப்பிவைக்க, மனிதர் ஒரே வாரத்தில் கலைஞராகிவிட்டார்.

சித்தூர் ஊர்க்கோடியில், பாதி வீடும் பாதி முள்ளுச்செடியுமான லேஅவுட் அவர்களுடையது. கோடை முடிகிற சமயம். மாங்கூழ் ஃபேக்டரிக்கு லாரிகள் வரிசை கட்டி நிற்கும். சாயங்காலக் காற்றில் அழுகின மாம்பழ வாசனை வீசும். அந்த அழகில் சொக்கிப்போய், தண்ணீர் டேங்க், மூடாத சாக்கடை, காலி மனையில் படுத்திருக்கும் எருமை என்று ஒன்றையும் விடாமல் எடுத்தார். முகம் சுளிக்காமல் ஒத்துழைத்தது எருமை மட்டும்தான். சாக்கடை மேல் அனுமதியில்லாமல் படி கட்டியிருந்த ரங்கையா, இவர் அங்கே குனிவதைப் பார்த்துவிட்டு, "ஏம் சார், ரோடு சர்வேனா?" என்று பதறியடித்து ஓடிவந்தார்.

எடுத்த படமெல்லாம் விடிந்ததும் சர்ச் சபையின் வாட்ஸ்அப் குரூப்புக்குப் போகும். பதிலுக்கு ஒரு கைகூப்பின பொம்மை வரும். அது பாராட்டா, போதுமென்கிற வேண்டுகோளா என்று அசரியா ஆராய்ந்ததில்லை. அவருக்கு இருந்தது ஒரே ஆசை. சபை வருஷா வருஷம் அச்சடிக்கும் காலண்டரில் தன் படம் ஒன்று வரவேண்டும். கீழே 'படம்: அசரியா' என்று இருக்கவேண்டும். காலமெல்லாம் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்தவரை 'கரண்ட்டுக்காரர்' என்றார்களே தவிர, ஒருத்தரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இந்த ஆசையை மட்டும் கேலி செய்ய மனசு வராது.

ஒரு சாயங்காலம் திரும்பி வந்தவர் சொந்த வீட்டு கேட்டருகே நின்றுவிட்டார். வளைவில் படர்ந்த காகிதப்பூ வெயிலில் தகதகத்தது. மண்டிபோட்டு அண்ணாந்து எடுத்தார். மூக்குக்கண்ணாடி வீட்டுக்குள் மேஜைமேல் இருந்தது.

"இன்னாங்க, நம்ம கேட்டு முன்னால ஜெபம் பண்ணிக்கினு கீறீங்க?" என்றாள் மனைவி தபீதாள்.

சபைச் செயலாளர் பென்னி அந்தப் படத்தை போனிலேயே பார்த்து, "பூ நல்லாக்கீது அண்ணே, ஜூன் மாசத்துக்குப் போட்டுடலாம்" என்றார். அசரியாவுக்கு அன்றிரவு சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை.

டிசம்பரில் ஆராதனை முடிந்ததும் காலண்டர் கொடுத்தார்கள். ஜூன் பக்கத்தைப் புரட்டியவர்கள் அப்படியே நின்றார்கள். போனில் கடுகளவு இருந்தது காலண்டரில் கையளவு ஆகியிருந்தது. வளைவின் உள்பக்கம், பூக்கொத்துக்குள் மறைவாக, கறுப்புக் கயிற்றில் படிகாரமும் எலுமிச்சையும் மிளகாயும் தொங்கின. திருஷ்டிக் கயிறு! கர்த்தர் ஒருவரே வீட்டுக்குக் காவல் என்கிற வசனம் அதற்கு நேர் கீழே. லேஅவுட்டில் முக்கால்வாசி வீட்டில் தொங்குவதுதான். ஆனால் அதெல்லாம் அவிசுவாசம் என்று சபைப் பெண்களுக்கு மாதாமாதம் பாடம் எடுப்பது பெண்கள் ஐக்கியத் தலைவி. அந்தத் தலைவி தபீதாள்.

அசரியா திரும்பிப் பார்த்தார். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"உங்களுக்கு நெஞ்சு வலிச்சப்போ கட்டினேங்க," என்றாள் மெதுவாக. "ஜெபமும்தான் பண்ணேன். எது காப்பாத்துச்சோ, அவுக்க பயமாயிருந்துச்சு."

பென்னி காலண்டரோடு வந்தார். "அண்ணே, இது உங்க வூட்டு கேட்டுதானே?" சபையே அவர் பின்னால் நின்றது.

"கேட்டு நம்முதுதான். கயிறு பக்கத்து வூட்டு மாடியில தொங்கறது," என்றார் அசரியா. "கோணம் பாக்காம எடுத்துட்டேன், அதுவும் சேந்து வந்துட்ச்சு. எனக்கு இன்னா படம் எடுக்கத் தெரியும், பென்னி? கையில போன் கீதேன்னு தட்டிக்கினு திரியறேன்."

"அதான் அண்ணே! நானே சொல்லலாம்னு இருந்தேன்," என்றார் பென்னி, நிம்மதியாக. எருமைப் படத்தை யாரோ ஞாபகப்படுத்த, எல்லோரும் சிரித்தார்கள். ஜூன் பக்கத்தைக் கிழித்துவிடுவதென்று முடிவாயிற்று.

சாட்சி கேட்காமல், மறுபேச்சுப் பேசாமல், அவருக்குப் படம் எடுக்கத் தெரியாதென்பதை சபை மொத்தமும் நம்பியது. அதுதான் அசரியாவுக்கு வலித்தது. தபீதாள் அவர் கையைப் பிடித்தாள். கோயிலில் எல்லோரும் பார்க்க அவள் அப்படிப் பிடித்தது கல்யாணத்தன்று மட்டும்தான்.