கம்பித் தட்டியில் மாட்டியவை

தண்ணீரிலிருந்து கரண்ட் எடுப்பது என் வேலை என்கிறார்கள். முக்கால்வாசி நேரம் நான் எடுப்பது தண்ணீரில் வரும் குப்பையைத்தான். ஹந்தானை மலையில் ஒரு வாய்க்கால், அதன் முடிவில் ஒரு சின்ன மெஷின், அதை நம்பி தேயிலைத் தோட்டத்தின் முப்பத்தொரு லயத்து வீடுகள். மெஷினுக்கு முன்னால் குப்பையைத் தடுக்க ஒரு கம்பித் தட்டி. அதில் இலை அடைத்தால் பல்பு மங்கும். தண்ணீரோடு மல்லுக்கட்டும் தொழிலில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

ஒற்றைச் செருப்பு

போன வருடம் தட்டியில் நாற்பத்தொரு செருப்புகள் மாட்டின. ஒரு ஜோடிகூட இல்லை. எல்லாவற்றையும் கழுவிக் கம்பியில் தொங்கவிட்டேன். மேல் லயத்து மாரியாயி வந்து எட்டைப் போட்டுப் பார்த்து, ஒன்றை எடுத்தார். காலில் கிடந்தது நீலம், எடுத்தது சிவப்பு. பெண்களிடம் பேச எனக்குக் கூச்சம். ஆனாலும் நிறம் வேறாக இருக்கிறதே என்று சொல்லிவிட்டேன்.

"தெரியும் அண்ணே. என்னோடத விட இது புதுசு."

பல் செட்

வாய்க்காலில் வாய் கொப்பளித்த சுப்பையா பல் செட்டைத் தவறவிட்டார். மறுநாள் காலை கட்டுகஸ்தோட்டையிலிருந்து அவர் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். பல்லில்லாமல் அவர்கள் முன்னால் நிற்க மாட்டேன் என்றார்.

தட்டியில் இல்லை. கனமான சாமான் தட்டிவரை வராது. அதற்கு முன்னுள்ள மணல் தொட்டியில் தங்கிவிடும். தொட்டியை வடிக்க மெஷினை இரண்டு மணி நேரம் நிறுத்த வேண்டும். அன்று ஞாயிறு, டிவியில் கிரிக்கெட். என் வீட்டையும் சேர்த்து முப்பத்தொரு வாசலில் நின்று அனுமதி கேட்டேன். காரணத்தைச் சொல்லவில்லை. ஆனால் வாயைப் பொத்திக்கொண்டு சுப்பையாவும் கூடவே வந்ததால், சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. கடைசி வீட்டுக்காரர் டிவியைப் பார்த்தபடியே சொன்னார்:

"நிறுத்துங்க. எப்படியும் நம்ம ஆளுங்க தோக்கத்தான் போறாங்க."

பதினேழாவது வாளி

மணலை அள்ளி அள்ளிச் சலித்தோம். பதினாறு வாளியில் கல்லும் இரண்டு கரண்டியும். பதினேழாவதில் பல் செட், உடையாமல். சுப்பையா அதை மூன்று தரம் கழுவினார்.

மறுநாள் மாப்பிள்ளை வீட்டாரை அவர் சிரித்தபடி வரவேற்றார். இருபத்தெட்டுப் பல்லும் தெரிந்தன. வாசலில் ஒரு நீலச் செருப்பும் ஒரு சிவப்புச் செருப்பும் கிடந்தன. உதவிக்கு வந்து, தேத்தண்ணித் தட்டோடு அவரைக் கடந்த மாரியாயி மெதுவாகக் கேட்டார்:

"என்னண்ணே, புதுசா பாத்து எடுத்துக்கிட்டீங்களா?"

இத்தனை வருடத்தில் மெஷின் எவ்வளவு கரண்ட் தருகிறது என்று என்னிடம் கேட்டவர் எவருமில்லை. இன்று தட்டியில் என்ன மாட்டியது என்று கேட்காதவரும் எவருமில்லை.